காரின் தலைச்சுமை

சிறிய மோட்டார்க் கார் வைத்திருக்கும் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. சாமான் ஏற்றுவதற்காகக் கூரையின்மேல் ஒருமுறை பூட்டப்பட்ட இரும்புத் தட்டு பின்னர் இறங்குவதே இல்லை. 'ஹூட் றாக்' என்று அதனை நம் நாட்டார் வழங்குவர். ஆண்டில் நான்கு நாள் அது சுமை தாங்கும். எஞ்சிய நாளெல்லாம் காற்றைத் தாங்கும். காற்றும் ஒரு சுமையா என்று கேட்பவர் உளர். மண்டூரிலிருந்து பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிகுடிக்கு மெல்ல ஊர்ந்து போய் வருபவர் அவ்வாறு கேட்பது நியாயமே. நெடுந்தூரம் செல்பவர் கேட்டல் ஆகாது.

2022 ஆம் ஆண்டை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். ஜூன் மாத இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. ஓகஸ்ட் மாதத்தில் கியூ.ஆர். அட்டையைக் காட்டினால் காருக்கு வாரம் 20 லீற்றர். அதற்குமேல் ஒரு சொட்டும் இல்லை. அம்மாதத்திலேதான் நம் தாயாரை இருதயச் சிகிச்சைக்காகக் கண்டிக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. குறித்த நாளைத் தள்ளிப்போட இயலாது. அம்பாறை, மகியங்கனை வழியாகப் போகவர நானூறு கிலோமீற்றர் அளவு. வாரப் பங்கும், தொட்டியில் மிஞ்சியிருந்த ஆறேழு லீற்றரும் மட்டுமட்டாகப் போதும் என்றது கணக்கு. ஆனால், தாயார் பின்னிருக்கையில் சாய்ந்து படுத்தே வரவேண்டும். துணைக்குத் தமக்கையார் உடனிருக்க வேண்டும். ஆகவே மெத்தை, பாய், பெட்டி, அடுப்பு, அரிசி மூட்டை யாவும் கூரைக்கே போகவேண்டியவை ஆயின. அக்கூரைச் சுமை எவ்வளவு பெற்றோல் குடிக்கும் என்பதே அன்றைய கேள்வி.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளரும் என்பது மாணவர் அறிந்ததே. மணிக்கு 50 கிலோமீற்றரில் உள்ள எதிர்ப்பு 70 இல் ஏறத்தாழ இருமடங்காகும். பலரும் எண்ணிப் பாராதது வேறொன்று. முகத்தில் மோதும் காற்றே தடை செய்கிறதென்று கருதி, முன்பக்கத்தைக் கூராக்கவே அவர்கள் முயல்வர். உண்மையில் இழுவையின் பெரும்பகுதி முதுகுப்புறத்திலே பிறக்கிறது. உருண்டைக் கம்பியைக் கடந்த காற்று அதன் பின்புறத்தோடு ஒட்டிச் செல்லமாட்டாமல் பிரிந்து சுழல்கிறது. அங்கே அமுக்கம் குறைகிறது. அக்குறைவே கம்பியைப் பின்னோக்கி இழுக்கிறது. வாவியில் தோணி தள்ளும் கம்பை நீருக்குள் நிறுத்தி விரைவாக இழுத்துப் பாருங்கள். சுழிகள் மாறிமாறிக் கழன்று போக, கம்பு கையில் நடுங்கும். அதே நீரில் மீன் ஓசையின்றிப் போகிறது; அதன் உடல் முன்னால் பருத்துப் பின்னால் மெலிந்து முடிகிறதன்றோ! அவ்வடிவில் செய்த ஒரு சட்டம், தன் தடிப்பில் பத்திலொரு பங்கேயுள்ள உருண்டைக் கம்பி தரும் எதிர்ப்பையே தரும். புதிய தட்டுகளின் குறுக்குச் சட்டம் விமானச் சிறகுபோல் அமைந்திருப்பது அழகுக்காக அன்று.

நமது தட்டோ பழைய உருண்டைக் கம்பி. காரை வாங்கும்போதே அதன்மேல் இருந்தது. மணிக்கு 60 கிலோமீற்றரில் அது ஊளையிடும். ஓர் அங்குலக் கம்பியிலிருந்து செக்கனுக்கு ஏறத்தாழ 130 சுழிகள் கழலும் ஓசை அது. கம்பியில் கயிற்றைத் திருகுசுருளாகச் சுற்றினால் ஊளை அடங்கும். உயர்ந்த புகைபோக்கிகளில் திருகுத் தகடு பொருத்துவதும் இத்தத்துவமே. ஆயினும் ஓசை அடங்கினால் இழுவையும் அடங்கிற்றென்று மயங்கலாகாது. கயிறு கம்பியைத் தடிப்பாக்குகிறது. வெறும் தட்டு மட்டுமே அவ்வேகத்தில் எரிபொருளில் இருபதிலொரு பங்கைக் கேட்கும் என்று நாம் கணக்கிட்டோம்; வாரப் பங்கில் ஒரு லீற்றர்! சுமை ஏறினால் சொல்ல வேண்டியதில்லை. கூரைமேல் பெரிய பெட்டி வைத்தால் நகரத்தில் நூற்றுக்கு 2 முதல் 8 வரையும், அதிவேகப் பெருந்தெருவில் 10 முதல் 25 வரையும் எரிபொருட் சிக்கனம் குறையும் என்பது அமெரிக்க அரசு தன் குடிகளுக்குக் கூறும் கணக்கு.

முன்னால் ஒரு தகரத்தைச் சாய்த்துக் கட்டும்படி அயலவர் ஒருவர் யோசனை கூறினார். தகரமும் ஒரு பரப்புத்தானே! நாம் செய்தது வேறு. அரிசி மூட்டையும் அடுப்பும் டிக்கிக்குள் இறங்கின. மெத்தையைச் சுருட்டிக் குறுக்கே வைக்காமல், நீளவாக்கில் மடித்துப் படுக்கவைத்தோம். பெட்டியை அதன்மேல் ஒடுங்கிய பக்கம் முன்னோக்க வைத்து, ஒரு மூலையும் படபடக்காதவாறு படங்கால் இறுக மூடிக் கட்டினோம். சுமையின் உயரம் பாதியாயிற்று.

எஞ்சியது கச்சான். ஆவணியில் மேற்கிலிருந்து வீசும் அக்காற்று, மேற்கு நோக்கிச் செல்பவருக்கு நேரெதிர். மணிக்கு 20 கிலோமீற்றர் கச்சானில் 50 இல் ஓடும் காருக்குக் காற்று 70 ஆகவே படும். ஆனால் விடியுமுன் கச்சான் உறங்கும். ஆதலால் அதிகாலை மூன்று மணிக்கே புறப்பட்டோம். மகியங்கனை மலையில் பதினெட்டு வளைவு ஏறும்போது காற்றின் பேச்சுக்கே இடமில்லை. அங்கே பாரம் ஒன்றே பேசும். தாயார் வழி முழுதும் உறங்கினார்.

தாயாரையும் தமக்கையாரையும் கண்டியில் விட்டுத் திரும்பியபோது தட்டைக் கழற்றி, தாயார் படுத்துவந்த இருக்கையிலே கிடத்தினோம். நான்கு நட்டுகள், பத்து நிமிட வேலை. கச்சானும் இப்பொழுது முதுகுப்புறம். ஊர் சேர்ந்தபோது தொட்டியில் இரண்டு லீற்றர் அளவு மிச்சமிருந்தது. இரண்டு மாதங்கழித்துத் தாயார் உறவினர் வண்டியில் நலமாக வந்து சேர்ந்தார்.

தட்டு இப்போது கொட்டில் சுவரில் தொங்குகிறது. ஸ்பனர் அருகில் ஓர் ஆணியில். கந்தசுவாமி கோயில் திருவிழாக் காலத்தில் மாத்திரம் அயலவர் கேட்டு வாங்கிப் போவர். ஸ்பனரையும் சேர்த்தே கொடுத்தனுப்புகிறோம்.