முதுகு சொல்வதும் ஸ்கேன் சொல்வதும்

வயதான அம்மாவையோ அப்பாவையோ முதுகுவலிக்காகக் கூட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகள், அவர்களை உட்கார வைப்பதற்கு முன்பே ஒரு கவரை என் மேஜைமேல் வைப்பார்கள். உள்ளே எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் அறிக்கை இருக்கும். "டி-ஸ்கோர் மைனஸ் மூணு வந்திருக்குதுங்க மேடம், அதனாலதான் வலி" என்பார்கள். ஈரோட்டுப் பக்கம் பிசியோதெரபி பார்க்கிற எனக்கு இது அன்றாடம் கேட்கிற பேச்சு. அந்த 'அதனாலதான்' என்பதை முதலில் ஓரமாக வைத்துவிட்டுத்தான் நான் முதுகைத் தொடுவேன்.

எலும்பின் அடர்த்தி குறைந்தால் அதுவாக வலிக்காது. டி-ஸ்கோர் என்பது இளவயதினரின் சராசரி எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்தபடி மைனஸ் 1 வரை இயல்பு. அதற்குக் கீழே போனால் அடர்த்திக் குறைவு. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ இன்னும் இறங்கினாலோ ஆஸ்டியோபோரோசிஸ். எலும்பு எவ்வளவு சுலபமாக முறியலாம் என்று எச்சரிக்கிற எண் அது. இன்றைக்கு ஏன் வலிக்கிறது என்பதற்கு அதில் பதில் இல்லை. மைனஸ் 3.5 வைத்துக்கொண்டு பால் கறந்து, தீவனம் அறுத்து, ஒரு நோவும் இல்லாமல் இருக்கிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். மைனஸ் 2-இல் முதுகெலும்பு நசுங்கி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: வயதானவர்களின் முதுகெலும்பில் ஓரங்களில் எலும்பு முளைத்திருக்கும், அருகிலுள்ள பெரிய இரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கும். இதெல்லாம் சேர்ந்து இடுப்புப் பகுதி முதுகின் எண்ணை உள்ளதைவிட நல்லதாகக் காட்டிவிடும். அதனால் தொடை எலும்பின் எண்ணையும் கட்டாயம் பார்ப்பேன்.

பிறகு விசாரிக்க ஆரம்பிப்பேன். "எப்பருந்துங்கம்மா வலி?" என்றால் "அது ரொம்ப நாளா இருக்குது கண்ணு" என்றுதான் வரும். விடக்கூடாது. "நேத்து வரைக்கும் இல்லாம திடீர்னு ஒரு நாள் வந்துதுங்களா?" என்று திருப்பிக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். "ஆமா சாமி, தண்ணிக் கொடத்தைத் தூக்குனேன். சுருக்குனு புடிச்சுது. அன்னிக்கிருந்துதான்." குடமாக இல்லாவிட்டால் பஸ்ஸின் பின் சீட்டில் ஒரு குலுக்கல், அல்லது ஒரு பலமான தும்மல். படுக்கையில் புரளும்போதும் எழும்போதும் உயிர் போகும், அசையாமல் மல்லாந்து படுத்தால் அடங்கும். சிலருக்கு அந்த வலி விலாவைச் சுற்றிப் பெல்ட் போட்டதுபோல் வயிற்றுக்கு வரும். வாயுப் பிடிப்பு என்று சுக்குக் கசாயம் குடித்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பார்கள்.

இப்படிக் கேட்டதும் என் கை தானாகவே நெஞ்சு முதுகு முடிந்து இடுப்பு முதுகு தொடங்கும் இடத்துக்குப் போகும். நசுங்கல் அதிகம் வருவது அங்கேதான். கட்டை விரலால் ஒவ்வொரு எலும்பு முனையாக இறங்கி வந்து, மூடிய கையால் லேசாகத் தட்டுவேன். மற்ற இடமெல்லாம் பேசாமல் இருப்பவர் ஒரு இடத்தில் மட்டும் "ஆத்தா" என்று துள்ளினால், அழுத்துவது, நீவுவது எல்லாம் அத்தோடு நிறுத்தம். பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லி மருத்துவரிடம் அனுப்புவேன்.

முறிந்தது தெரியாமலேயே ஆறிப்போன நசுங்கல்களும் நிறைய உண்டு. அதற்குச் சுவர் போதும். குதிகாலைச் சுவரில் ஒட்டி நிற்கச் சொன்னால் பின்மண்டை சுவரைத் தொட வேண்டும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே என் விரல்களை வைத்துப் பார்ப்பேன். இரண்டு விரல்கூடப் போகவில்லை என்றால் முதுகு இறங்கியிருக்கிறது. "முன்னெல்லாம் சேலை சரியா இருக்கும், இப்ப எப்படிக் கட்டினாலும் தரையில இழுக்குது" என்று ஒரு அம்மா சொன்னார். மகள் அதைச் சிரித்துக்கொண்டே கடந்தார். எனக்கு அது அறிக்கையைவிடப் பெரிய தகவல். இளவயது உயரத்தில் 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

எல்லா வலியும் இப்படியல்ல. சந்தைக்கு நடக்கும்போது கால் கனத்து, திண்ணையில் குனிந்து உட்கார்ந்ததும் சரியாகிறது என்றால் நரம்புப் பாதை குறுகியிருக்கலாம். காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் விடாத இரவு வலி என்றால் முதுகெலும்புக் காசநோயையும் புற்றுநோயையும் விலக்கியாக வேண்டும். கால் பலம் இழந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. எல்லாவற்றையும் டி-ஸ்கோர் தலையில் கட்டிவிட்டால் இவை நழுவிப்போகும்.

பலமிழந்த முதுகெலும்பு பயப்படுவது குனிவதற்குத்தான். முதுகெலும்புக் கட்டையின் முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவமாகிவிடும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சினாகியும் மிக்கெல்சனும் 1984-இல் வெளியிட்ட ஆய்வை நான் இன்றும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்டியோபோரோசிஸ் உள்ள பெண்களில் முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்கே புதிய நசுங்கல் வந்தது. முன்னால் வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம். வளைத்த குழுவில் 9 பேர்தான் இருந்தார்கள் என்றாலும் அந்த வித்தியாசத்தை ஒதுக்க முடியாது. ஆகவே வீடியோ பார்த்துக் கால் விரலைத் தொடுவது, பச்சிமோத்தாசனம், படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி எதுவும் இவர்களுக்கு வேண்டாம். இடுப்பு பிடித்துக்கொண்டது என்று முதுகில் ஆளை ஏறி மிதிக்க விடுவது வேண்டவே வேண்டாம்.

படுக்கையிலிருந்து எழுவதைத்தான் நான் அதிக நேரம் சொல்லித் தருவேன். முட்டியை மடக்கு, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்துப் படு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடு, கையை ஊன்றி எழு. நேராக எழுந்து பழகியவருக்கு இது வரவே வராது. மகனையோ மகளையோ பக்கத்தில் நிற்கவைத்து, அவர்களையும் ஒரு தடவை படுத்து எழச் சொல்வேன். வீட்டில் நினைவுபடுத்த ஆள் வேண்டும். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்ப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. கோலத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, முதுகு வளையாமல் போடச் சொல்வேன். குடத்துக்குப் பதில் அரைக் குடம், அதுவும் இடுப்பு உயரத் திட்டில். நீளக் கைப்பிடி வைத்த துடைப்பம்.

வலி வந்த புதிதில் சில நாள் ஓய்வு சரி. மாதக்கணக்கில் படுக்க வைத்தால் எலும்பும் தசையும் இன்னும் கரையும். பெரும்பாலான நசுங்கல் வலி ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் தணியும் என்பதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். அந்தப் பொறுமைக்கு ஒரு கெடு தெரிய வேண்டும்.

மருந்து எழுதுவது மருத்துவர் வேலை. ஆனால் அது வீட்டில் எப்படிப் போகிறது என்று நான் கேட்காமல் விடுவதில்லை. வாரத்துக்கு ஒன்று என்று தரும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். காப்பியோடு போட்டால் மருந்து உடம்பில் சேராது. வாரம் ஒரு தடவைக்கான 60,000 யூனிட் வைட்டமின் டி-யைத் தினமும் போட்டுக்கொண்டு வருபவர்கள் உண்டு. அது ஆபத்து. ராகிக் களியும் எள்ளும் முருங்கைக்கீரையும் சுண்ணாம்புச் சத்துக்கு நல்லவை, மருந்துக்கு மாற்றல்ல. ஆறு மாதத்துக்கு ஒன்று போடும் டெனோசுமாப் ஊசியை, வலி நின்றுவிட்டதே என்று பாதியில் விடக்கூடாது. விட்டால் எலும்பு வேகமாகக் கரைந்து அடுத்தடுத்து நசுங்கல் வரலாம். நிறுத்துவதென்றால் மாற்று மருந்தை மருத்துவர் கையில் வைத்துக்கொண்டுதான் நிறுத்த வேண்டும். அடுத்த ஊசித் தேதியைக் காலண்டரில் எழுதிவிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் அவர்களை அனுப்புவேன்.