மாசக் கடைசி மெஸ்

போன ஏப்ரலில் சியாட்டிலில் மகள் வீட்டில் இருந்தபோது, மாப்பிள்ளை எங்களை விட்பி தீவுக்கு அழைத்துப் போனார். முகில்டியோ துறையில் காரோடு படகில் ஏறினால் இருபது நிமிடம்தான். லாங்லி என்ற சிற்றூரின் கரையில் கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. சேற்று மணலில் ஆங்காங்கே தண்ணீர் தேங்கிய பள்ளங்கள். காலடியால் அளந்தேன், ஒன்று ஏழடி நீளம். நம்மூரில் எருமை புரண்ட குட்டை மாதிரி இருந்தது.

"யாரு மாப்ளே இப்படித் தோண்டிப் போட்டிருக்கா?"

"திமிங்கிலம் சாப்பிட்ட இடம், மாமா."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. சாம்பல் திமிங்கிலம் மற்றத் திமிங்கிலங்களைப் போல் இல்லை. அடிமண்ணில்தான் பெரும்பாலும் இரை தேடும். நாற்பதடி உடம்பை ஒருக்களித்து, வாயோரத்தைச் சேற்றில் பதித்து, நாக்கைப் பின்னுக்கு இழுக்கும். பிச்சாங்குழலில் தண்ணீர் ஏறுவது போலச் சேறும் இறாலும் உள்ளே போகும். பல்லுக்குப் பதில் மேல்தாடையில் சல்லடைத் தகடுகள். சேற்றை அதன் வழியே வெளியே தள்ளிவிட்டு, தங்கியதை விழுங்கும். பெரும்பாலானவை வலப்பக்கமே சாய்வதால் அந்தப் பக்கத் தகடுகள் அதிகம் தேய்ந்திருக்குமாம். நம் சோற்றுக்கை போலத்தான்!

குளிர்காலத்தை மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா கழிகளில் கழித்துவிட்டு, ஆர்க்டிக் கடலுக்குப் போகிற வழி இது. கோடையில் அங்கே தின்று சேர்த்த கொழுப்பில்தான் மீதி மாதங்களின் பெரும்பகுதி ஓடவேண்டும். திரும்பிப் போகையில் வயிறு காய்ந்திருக்கும். பெரும்பாலானவை நேரே வடக்கே போய்விட, ஒரு சிறு கூட்டம் மட்டும் ஒவ்வொரு வசந்தத்திலும் இந்தப் பக்கம் திரும்புகிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். பல அதே திமிங்கிலங்கள். கடல் ஏறும்போது வந்து, இறங்குவதற்குள் வெளியேற வேண்டும். தாமதித்தால் தரைதட்டிவிடும்.

எனக்கு 1974 நினைவுக்கு வந்தது. திருச்சியில் குமாஸ்தா வேலை. சம்பளத்தில் பாதி ஊருக்கு மணியார்டர். இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் கையில் காசிருக்காது. உறையூரில் ஒரு பாட்டி வீட்டு மெஸ்ஸில் கணக்கு எழுதிக்கொண்டு சோறு போடுவார். அதற்காக இரண்டு மைல் சுற்றி நடப்பேன். அந்த வழி தெரியாத நண்பன் ஒருவன் டீயும் பன்னுமாக நாளைத் தள்ளி, ஒருநாள் ஆபீசிலேயே மயங்கி விழுந்தான்.

திமிங்கிலங்களும் விழுந்திருக்கின்றன. 2019 முதல் சில ஆண்டுகள் மெலிந்த உடல்கள் கரை கரையாக ஒதுங்கின. வடக்கே பனி குறைந்து, இரையும் மாறியதே முக்கியக் காரணம் என்கிறார்கள். 2016-ல் சுமார் 27,000 இருந்தவை 2025 கணக்கில் சுமார் 13,000.

மாலையில் கடல் ஏறியது. காலையில் நான் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, பாதி வால் மட்டும் நீருக்கு மேலே தெரிந்தது. பின்னால் பழுப்பாகச் சேறு கலங்கியது. லாங்லியில் திமிங்கிலத்தைப் பார்த்தால் அடிக்க ஒரு மணி வைத்திருக்கிறார்கள். பேத்தி ஓடிப்போய் அடித்தாள்.

"வாப்பா, இலை போட்டாச்சு" என்று பாட்டி கூப்பிட்டது போல எனக்குக் கேட்டது.