குன்றக் கூறல்

எங்கள் கல்லூரியின் கட்டணம், வருகைப்பதிவு, தேர்வு ஆகிய மூன்றையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவருவதென்று 2016ஆம் ஆண்டில் முடிவாயிற்று. அதற்கென அமைந்த குழுவில் வணிகவியல் துறையிலிருந்து ஒருவர், கணினித் துறையிலிருந்து ஒருவர், மூன்றாவதாக நான். மாணவர் பெயர்கள் தமிழில் பிழையின்றி அச்சாக வேண்டும், அதற்கொரு தமிழாசிரியர் வேண்டும் என்று முதல்வர் கருதினார். எழுத்துப்பிழை பார்ப்பதற்கு மேல் எனக்கு அங்கே வேலை இராது என்றே நானும் நினைத்தேன்.

பணியை நடத்த வந்த இளைஞர், அதற்குமுன் தொழிற்சாலைகளில் எஸ்.ஏ.பி. மென்பொருளை நிறுவிய அனுபவம் உள்ளவர். முதல் நாளே சுவரில் ஒரு படத்தை ஒட்டினார். அதில் ஐந்து கட்டங்கள் இருந்தன. எல்லையும் ஆட்களும் காலமும் வகுக்கும் ஆயத்தம். இன்று வேலை எப்படி நடக்கிறது, இனி எப்படி நடக்கவேண்டும் என்று எழுதிக் கையொப்பம் பெறும் வரைவு. அதன்படி மென்பொருளை அமைத்துச் சோதிக்கும் ஆக்கம். பயிற்சியும் பழைய தரவுகளை மாற்றுவதுமான இறுதி ஆயத்தம். கடைசியாக, நடைமுறைக்கு வருதலும் உடனிருந்து தாங்குதலும். ஜெர்மானிய நிறுவனமான எஸ்.ஏ.பி. 1996இல் ஆக்ஸிலரேட்டட் எஸ்.ஏ.பி. என்ற பெயரில் வகுத்த முறை இது. சிறிய கல்லூரிக்கும் இதுவே போதும் என்றார் அவர்.

எனக்கு அந்தப் படம் பிடித்துப் போயிற்று. ஒரு நூல் எப்படி அமையவேண்டும் என்பதற்குப் பத்துக் குற்றம், பத்து அழகு, முப்பத்திரண்டு உத்தி என்று எண்ணிவைத்த நன்னூலை ஆண்டுதோறும் நடத்துகிறவன் நான். முறை என்பது கற்பனையைக் கட்டும் கயிறன்று, மறதிக்கு இடும் வேலி என்று மாணவர்களிடம் சொல்வதுண்டு. அதையே இன்னொரு தொழிலில் காண்பது மகிழ்ச்சியாக இருந்தது.

வரைவுக் கட்டத்துக்கு மூன்று வாரம் ஒதுக்கியிருந்தார்கள். துறைத்தலைவர்களிடம் இரண்டு நாட்கள் பேசினார்கள். கட்டணப் பிரிவு எழுத்தருக்கு அரைமணி நேரம் கிடைத்தது. கட்டணம் எப்போது வாங்குகிறீர்கள் என்று கேட்டார்கள். கடைசித் தேதியையும், அது தவறினால் தண்டத்தொகையையும், முழுவதும் கட்டாதவருக்குத் தேர்வு நுழைவுச்சீட்டு இல்லை என்பதையும் அவர் ஒப்பித்தார். எல்லாம் விதிப்புத்தகத்தில் உள்ளவை. நூற்றுச் சொச்சம் பக்கத்தில் வரைவு வந்தது. நான் பெயர்ப் பட்டியலின் எழுத்துக்களைத் திருத்திவிட்டு, கடைசிப் பக்கத்தில் கையொப்பமிட்டேன்.

அந்த எழுத்தரின் மேசை இழுப்பறையில் ஒரு நீள நோட்டு உண்டு. இன்ன மாணவி, இன்ன தொகை, கரும்புப் பணம் வந்ததும். இன்ன மாணவன், அப்பாவுக்கு அறுவை, பொங்கல் கழித்து. முதல்வரிடம் வாய்மொழியாகக் கேட்டு அவர் குறித்துவைத்தவை. அந்த நோட்டு எனக்குத் தெரியும். என் வகுப்பு மாணவர்களை நானே அவர் மேசைமுன் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். ஆயினும் கையொப்பமிடும்போது அது என் நினைவுக்கு வரவில்லை.

2017 நவம்பரில் மென்பொருள் தன் கடமையைச் செய்தது. நிலுவை உள்ளோர் எவருக்கும் நுழைவுச்சீட்டு வரவில்லை. தேர்வுக்கு முந்தைய மாலையில்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. இரவு எட்டு மணிவரை உட்கார்ந்து கையால் அனுமதிச் சீட்டுகள் எழுதினோம். அதற்குள் ஒரு மாணவி, இனித் தேர்வு இல்லையென்று எண்ணி ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டாள். அவள் வீட்டில் தொலைபேசியை எவரும் எடுக்கவில்லை. மறுநாள் காலைத் தாளில் அவள் இருக்கை காலியாக இருந்தது. அடுத்த பருவத்தில் எழுதித் தேறினாள் என்பது உண்மை. அவள் மதிப்பெண் பட்டியலில் அந்தப் பருவம் தனியே நிற்கிறது என்பதும் உண்மை.

எழுத்தரிடம், ஏன் அன்று சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கலீங்களே ஐயா. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். விதியில இல்லாத காரியமாச்சே" என்றார். அவருக்கு அச்சம் இருந்தது. எனக்கு அதுகூட இல்லை.

பிறகு இத்தகைய தோல்விகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்க இனிப்பு நிறுவனமான ஹெர்ஷி, நாற்பத்தெட்டு மாத வேலையை முப்பது மாதத்தில் முடிக்க முனைந்து, 1999 ஜூலையில், பண்டிகைக் கொள்முதல் தொடங்கும் வேளையில், புதிய மென்பொருளுக்கு மாறியது. ஹாலோவீன் பண்டிகைக்கு ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கை அதனால் அனுப்ப இயலவில்லை. ஜெர்மனியின் லிட்ல் கடைக் குழுமத்தின் கதை வேறுவகை. சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவது அதன் வழக்கம், எஸ்.ஏ.பி.யின் சில்லறை வணிக மென்பொருளோ விற்பனை விலையில் மதிப்பிடுவது. வழக்கத்தை மாற்ற மனமின்றி மென்பொருளை மாற்றிக்கொண்டே போனார்கள். ஏழாண்டும் ஏறத்தாழ 50 கோடி யூரோவும் செலவானபின் 2018இல் கைவிட்டார்கள். முன்னதில் அவசரம், பின்னதில் பிடிவாதம். எங்களுடையது இரண்டுமில்லை. நாங்கள் ஐந்து கட்டங்களையும் வரிசை பிறழாமல், குறித்த நாளில் முடித்தோம்.

முறையின்மீது எனக்கு வருத்தமில்லை. இரண்டாம் கட்டத்தில் அது சரியான கேள்வியைத்தான் வைத்திருந்தது: இன்று வேலை எப்படி நடக்கிறது? நாங்கள் எப்படி நடக்கவேண்டும் என்பதை விடையாக எழுதிக் கொடுத்தோம். நன்னூல் எண்ணும் பத்துக் குற்றங்களுள் முதலாவது குன்றக் கூறல். சொல்லவேண்டியதைக் குறைத்துச் சொல்வது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவனுக்கு, ஓர் ஆவணத்தில் அதைக் காணத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு மாற்றக் கோரிக்கை கொடுத்து, 'தவணை அனுமதி' என்று ஒரு கட்டத்தைத் திரையில் சேர்த்தோம். இம்முறை எழுத்தரின் அருகில் இரண்டு நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் கேட்டு எழுதியது நான்தான். காரணம் கேட்கும் இடத்தில் நோய், பயிர் இழப்பு, பெற்றோர் மறைவு, இதர என்று நான்கு தெரிவுகள் உள்ளன. அவர் பெரும்பாலும் 'இதர' என்பதையே தேர்ந்தெடுக்கிறார். பிள்ளைகளின் வீட்டுச் செய்தியை ஊரறியத் திரையில் எழுதுவானேன் என்கிறார். நீள நோட்டு இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது.