ரந்தாவ் அபாங்கிற்கு அப்பாவோடு

அப்பாவின் பழைய ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. 1984ஆம் ஆண்டு, திரெங்கானு மாநிலத்தின் ரந்தாவ் அபாங் கடற்கரையில் நள்ளிரவில் எடுத்தது. அப்பா ஒரு பெரிய ஆமையின் முதுகில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். கூட வேலை செய்த நண்பர்கள் நான்கு பேர் பின்னால் நிற்கிறார்கள். போன தீபாவளிக்கு என் மகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, அதுக்கு வலிக்கலையா?" என்று கேட்டாள். அவள் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அப்பா பதில் சொல்லாமல் ஆல்பத்தை மூடி வைத்தார்.

கடந்த ஆகஸ்டில் எங்களுக்கு நான்கு நாள் விடுப்பு ஒன்றாக அமைந்தது. எங்கே போகலாம் என்று கேட்டபோது அப்பாதான் முந்திக்கொண்டு "ரந்தாவ் அபாங்" என்றார்.

கிள்ளானிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, காராக் வழியாகக் கிழக்குக் கரை நெடுஞ்சாலையைப் பிடித்தோம். அந்த நெடுஞ்சாலையிலேயே டுங்குன் வரை போய்விடலாம். ஆனால் அப்படிப் போனால் கடல் கண்ணில் படாது. சுக்காய்க்கு இறங்கி அங்கிருந்து பழைய மூன்றாம் எண் கூட்டரசுச் சாலையில் போங்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

சுக்காயில் இரண்டு காரணங்களுக்காக நிறுத்தலாம். ஒன்று, ஹாய் பெங் காப்பிக்கடையின் காப்பியும் ரொட்டியும். இன்னொன்று கெத்தாம் சும்பாட். நண்டின் சதையை எடுத்துப் பக்குவம் செய்து, மறுபடி ஓட்டுக்குள் நிரப்பி, முட்டையில் தோய்த்துப் பொரித்துத் தருகிறார்கள். நண்டை உடைத்துச் சாப்பிடப் பொறுமையில்லாத என்னைப் போன்றவர்களுக்காகவே கண்டுபிடித்தது போலிருக்கிறது.

கெர்த்தேயைத் தாண்டும்போது எண்ணெய், எரிவாயு ஆலைகளின் புகைபோக்கிகள் தெரியும். பிறகு சாலை கடலை ஒட்டி ஓடத் தொடங்குகிறது. ஒரு பக்கம் தென்னையும் சவுக்கும், இன்னொரு பக்கம் பலகை வீடுகள், நடுவே சாலையில் படுத்திருக்கும் மாடுகள். இரவில் இந்தச் சாலையில் வேகம் வேண்டாம். மாடுகள் எழுந்து வழிவிடுவதில்லை.

டுங்குனைத் தாண்டி அரை மணி நேரத்துக்குள் ரந்தாவ் அபாங். அருகிலுள்ள தஞ்சோங் ஜாரா கடற்கரை விடுதியும் ரந்தாவ் அபாங் வருகையாளர் மையமும், திரெங்கானு அரண்மனைகளின் மர வேலைப்பாட்டைப் பின்பற்றிக் கட்டியதற்காக 1983இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றவை. அந்தக் காலத்தில் உலகமே இந்தக் கரைக்கு வந்தது. காரணம் ஆமை.

நாங்கள் போனபோது மாலை ஐந்து மணி. நீண்ட மஞ்சள் மணல், செங்குத்தாக இறங்கும் கரை, பெரிய அலை. மனித நடமாட்டமே இல்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வடக்கும் தெற்குமாகக் கொஞ்ச தூரம் நடந்தார். "இங்கதான் கடைங்க இருந்திச்சு. விடிய விடியக் காப்பி, பொரிச்ச மீன். ரெண்டு மணி, மூணு மணி வரைக்கும் உக்காந்திருப்போம். யாராவது 'பெஞ்சு நாயேக்'னு கத்துனா எல்லாரும் டார்ச் லைட்ட தூக்கிக்கிட்டு ஓடுவோம்" என்றார். ஆமை ஏறிவிட்டது என்று அர்த்தம்.

இங்கே வந்தது சாதாரண ஆமை இல்லை. மலாயில் பெஞ்சு பெலிம்பிங் என்பார்கள். முதுகில் கெட்டியான ஓடு கிடையாது. தோல் போர்த்தியது போலிருக்கும், அதில் நட்சத்திரப் பழத்தைப் போல நீளவாக்கில் ஏழு வரிகள். அரை டன் எடைகூட இருக்கும். கடலாமைகளிலேயே பெரியது இதுதான். 1950களில் இந்தக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 10,000 கூடுகள் இருந்தன. 2000க்குப் பிறகு விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. ஒன்றுகூட வராத ஆண்டுகளும் உண்டு.

முட்டைகளைப் பல தலைமுறைகளாக எடுத்துத் தின்றதும் விற்றதும் ஒரு காரணம். கடலில் மீன்வலைகளில் மாட்டிச் செத்தவை இன்னொரு காரணம். காப்பாற்ற முயன்றதிலும் ஒரு பிசகு நடந்தது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். பொரிப்பகங்களின் மணல் சூடாக இருந்ததால் பல காலம் கிட்டத்தட்ட எல்லாமே பெண் குஞ்சுகளாகப் பொரிந்தன என்று பின்னால்தான் ஆய்வாளர்கள் கண்டார்கள். திரெங்கானுவில் எல்லா வகைக் கடலாமை முட்டைகளின் விற்பனைக்கும் தடை வந்தது 2022இல்தான்.

இதையெல்லாம் மகளுக்குப் புரியும்படி சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா குறுக்கே புகுந்தார். "முட்டைய நானும் தின்னிருக்கேன்மா. பத்து முட்டை வாங்கி வீட்டுக்கும் கொண்டு போனேன். உங்க பாட்டி தொட மாட்டேனுட்டா." மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிப்பி பொறுக்கப் போய்விட்டாள்.

இரவு மாராங்கில் தங்கினோம். அங்கிருந்து காப்பாஸ் தீவுக்குப் படகில் கால் மணி நேரம்தான். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவு. முகமூடி மாட்டிக்கொண்டு இடுப்பளவு ஆழத்தில் குனிந்தாலே மீன்கள் தெரியும். பிள்ளைகளுக்கு அரைநாள் போதாது, முழுநாளாக வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பருவமழைக் காலம். கடல் கொந்தளிக்கும், தீவு விடுதிகள் மூடிவிடும், அப்போது இந்தப் பக்கம் வர வேண்டாம்.

கோலாத் திரெங்கானுவுக்குப் போனது வெள்ளிக்கிழமை. திரெங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை மறந்துவிட்டேன். நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருந்தன. அதோடு என் மனைவி வெள்ளிக்கிழமை சைவம். மீன் இல்லாத உணவு இந்தக் கரையில் அபூர்வம். மீன் தெரியாத இடத்திலும் பூடு என்னும் நெத்திலிக் குழம்பு ஒளிந்திருக்கும். கடைசியில் அவருக்கு ரொட்டி சானாயும் சீனியும்தான் கிடைத்தன. அதைப் பற்றி இன்றுவரை பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

மற்ற மூவருக்கும் கொண்டாட்டம். காலையில் நாசி டாகாங். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, அதில் வெந்தயமும் சின்ன வெங்காயமும் இஞ்சியும். கூடவே சூரை மீன் குழம்பு. முதல் வாயிலேயே அப்பா, "இது நம்ம வெந்தயச் சோறுதான்" என்றார். காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், பிறகு தீர்ந்துவிடும். லோசோங்கில் கெரொப்போக் லெக்கோர். மீன் சதையைச் சவ்வரிசி மாவோடு பிசைந்து, உருட்டி, அவித்து எடுப்பது. அவித்ததைச் சுடச்சுடத் தின்பவர்கள் ஒரு கட்சி, எண்ணெயில் பொரித்து மிளகாய்ச் சாற்றில் தோய்ப்பவர்கள் ஒரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. மாலையில் கடலோரம் இக்கான் செலுப் தெப்போங், அதாவது மாவில் தோய்த்துப் பொரித்த மீன், கணவாய், இறால். எடைக்கு விற்கும் கடைகளில் விலையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் உட்கார்ந்து அனுபவப்பட்டேன்.

நேரம் இருந்தால் பூலாவ் டுயோங்கிற்குப் போய்ப் படகு கட்டுவதைப் பாருங்கள். வரைபடம் கிடையாது. முதலில் வெளிப்பலகைகளைச் சேர்த்துவிட்டு, உள்சட்டத்தைப் பிறகு பொருத்துகிறார்கள். எல்லாம் செங்கால் மரம். தச்சு தெரிந்த அப்பா அங்கே ஒரு மணி நேரம் நின்றார். வேலை செய்துகொண்டிருந்த பாக் சிக்கோடு மலாயில் பேசிச் சிரித்தார். இளையவர்கள் இந்த வேலைக்கு வருவதில்லையாம்.

திரும்பும் வழியில் செராத்திங்கில் நின்றோம். அது பகாங் மாநிலம். அங்கே மீன்வளத் துறையின் ஆமைக் காப்பகம் இருக்கிறது. பச்சை ஆமைகளின் முட்டைகளைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். ஆமை ஏறும் காலத்தில் பொதுமக்களும் கலந்துகொள்ளலாம், முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

இருட்டியபின் ஒரு பேசினில் குஞ்சுகளைக் கொண்டு வந்தார்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும். டார்ச் லைட் கூடாது, ஃபிளாஷ் கூடாது, கடலைப் பார்த்து விட வேண்டும் என்றார் ஊழியர். எத்தனை திரும்பி வரும் என்று மகள் கேட்டாள். ஆயிரத்தில் ஒன்று வந்தால் பெரிது என்றார் அவர். அவள் பேசினை எட்டிப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள். இருபத்திரண்டு.

அப்பாவுக்கு முழங்கால் வலி. மணலில் குனிய முடியாமல், மெதுவாக மண்டியிட்டு உட்கார்ந்தார். மகள் ஒரு குஞ்சை அவர் கையில் வைத்தாள். அவர் அதை ஈர மணலில் இறக்கிவிட்டு, அது தண்ணீரைத் தொடும்வரை எழுந்திருக்கவில்லை. இரண்டு தடவை அலை அதைத் திருப்பித் தள்ளியது. மூன்றாவது தடவை போய்விட்டது.

பழக்கதோஷம், நான் கைப்பேசியை எடுத்தேன்.

"வேணாம்ப்பா, வெளிச்சம் படும்" என்றார் அப்பா.

மகள் அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். அடுத்த குஞ்சை யார் விடுவது என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.