சம்பந்தி வீட்டுப் பப்

மாப்பிள்ளை வீட்டாரின் பூர்வீகத்தைக் கல்யாணத்துக்கு முன்னால் விசாரிப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். எங்களுக்கு அது, பேத்தி பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் வாய்த்தது. மாப்பிள்ளை லண்டன்காரர், ஆங்கிலேயர். "நம்ம ஆட்கள் பாப்லரில் ஒரு பப் நடத்தினார்கள்" என்று அவருடைய பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். எந்தப் பப், எந்தத் தெரு, நடத்தியது யார் என்பதெல்லாம் அந்த அம்மாளோடு போய்விட்டது. மகள் இதைச் சொன்னபோது என் மனைவி தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "என்னங்க, சாராயக் கடைக்காரங்க வீட்டுலயா பொண்ணக் குடுத்திருக்கோம்?" என்றாள். மாப்பிள்ளைக்குத் தமிழ் அவ்வளவாக வராது. அதனால் பெரிய சங்கடம் ஒன்றும் நேரவில்லை.

நான் கும்பகோணம் பக்கம் பதிவுத்துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆறு மாத விசாவில் மகள் வீட்டுக்குப் போனால் பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பழைய காகிதம் என்றால் எனக்குக் கை துறுதுறுக்கும். மாப்பிள்ளை பல மாதங்களாகக் கணினியில் தன் குடும்பப் பெயரைப் போட்டுத் தேடிக் களைத்திருந்தார். அந்தப் பெயரில் கிழக்கு லண்டனில் அந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கான பேர். "ஆளைத் தேடாதீங்க மாப்பிள்ளை, சொத்தைத் தேடுங்க" என்றேன். வில்லங்கம் போட்டுப் பார்ப்பவன் சர்வே எண்ணைத்தானே பிடித்துக்கொண்டு போவான்! ஆள் சாவான், ஊர் மாறுவான், பெயரைக்கூட மாற்றிக்கொள்வான். இடம் எங்கே போகும்?

பாப்லரில் இடமும் போயிருந்தது. அதுதான் வேடிக்கை.

பாப்லர், தேம்ஸ் நதியோரத் துறைமுகப் பகுதி. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களுக்காக 1806-ல் கிழக்கிந்தியத் துறையைத் திறந்தது இதன் ஓரத்தில்தான். சென்னையிலிருந்து போன சரக்கு இறங்கிய இடம் என்று சொன்னதும் என் மனைவிக்கே அந்தப் பேட்டைமேல் கொஞ்சம் பாசம் வந்துவிட்டது. 1940 செப்டம்பர் 7-ஆம் தேதி தொடங்கிய ஜெர்மன் குண்டுவீச்சு துறைமுகத்தைக் குறிவைத்ததால் பாப்லர் நொறுங்கியது. சுதந்திரம் பெற்ற இந்தியா முதல் பொதுத்தேர்தலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த 1951-ல், இடிபாடுகளை அகற்றி இங்கே லான்ஸ்பரி எஸ்டேட் என்ற குடியிருப்பை எழுப்பி, பிரிட்டன் விழாவின் ஒரு பகுதியாக ஊருக்குக் காட்சிக்கு வைத்தார்கள். ஜார்ஜ் லான்ஸ்பரி பாப்லரின் மேயராக இருந்தவர். ஏழைகள் தலையில் கூடுதல் வரியை ஏற்ற மாட்டோம் என்று 1921-ல் சிறை சென்ற 30 கவுன்சிலர்களில் ஒருவர். பிறகு தொழிற்கட்சியின் தலைவர். மதுவைத் தொடாதவர். எங்கள் சம்பந்தி வீட்டுப் பப் இருந்த தெரு, அவர் பெயர் தாங்கிய குடியிருப்பின் கீழேதான் கிடக்கிறது. அவர் குடிக்காதவர் என்பதற்காகக் குடியிருப்பை வறட்சியாக விட்டுவிடவில்லை. திட்டத்திலேயே சேர்த்துப் புதிதாகப் பப்பும் கட்டினார்கள்.

இங்கிலாந்தில் மது விற்றவனைப்போல எழுத்தில் அகப்பட்டவன் வேறு யாரும் இல்லை. 1552-லேயே சட்டம் போட்டு, பீர் விற்பவன் நீதிபதியிடம் உரிமம் வாங்க வேண்டும், கடையில் ஒழுங்கு கெடாது என்று பிணை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். பிணைக்குக் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் மைத்துனனாகவோ பக்கத்துக் கடைக்காரராகவோ இருப்பார். அதனால் ஒரு பெயரைத் தேடிப் போனால் உறவும் சேர்ந்து கிடைக்கும். 1830-ல் காற்று திசை மாறியது. ஜின் குடித்து ஜனங்கள் கெட்டுப்போகிறார்கள், பீராவது குடிக்கட்டும் என்று, வரி கட்டும் எவரும் இரண்டு கினி கொடுத்தால் நீதிபதியைப் பார்க்காமலே பீர்க்கடை வைக்கலாம் என்றார்கள். வீட்டு முன்னறையில் பீப்பாயை உருட்டி வைத்தவர்கள் ஆயிரக்கணக்கில். பலவற்றுக்குப் பெயர்கூடக் கிடையாது. குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு அவை தலைவலி. 1869-ல் பீர்க்கடைகளையும் மறுபடி நீதிபதிகளின் கீழே கொண்டுவந்தார்கள். 1872-ஆம் ஆண்டுச் சட்டம், உரிமம் பெற்றவர் பெயர், கடை, அவர்மேல் வந்த தண்டனைகள் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதச் சொன்னது. பப் கைமாறினால் அதுவும் பதிவு.

எங்கள் பப்பின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் பயனில்லை, அதே பெயரில் லண்டன் முழுக்கக் கடைகள். ரெட் லயன், கிரௌன், கிங்ஸ் ஆர்ம்ஸ் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களையே ஊரெங்கும் தூவியிருக்கிறார்கள். ராயல் ஓக் என்றால் 1651-ல் தோற்று ஓடிய இரண்டாம் சார்லஸ் ஒளிந்திருந்த ஓக் மரம். வொயிட் ஹார்ட் என்றால் இரண்டாம் ரிச்சர்டின் சின்னமான வெள்ளை மான். பெயரை வைத்துக் கடையைப் பிடிக்க முடியாது. கெல்லி நிறுவனம் ஆண்டுதோறும் அச்சிட்ட விலாசப் புத்தகம்தான் கை கொடுத்தது. அதில் ஒவ்வொரு தெருவையும் வீடு வீடாக, இருப்பவர் பெயரோடு போட்டு, குறுக்குத் தெரு வரும் இடத்தில் 'இங்கே இன்ன தெரு' என்று இடையில் ஒரு வரி கொடுப்பார்கள். அந்த வரிகளைப் பழைய சர்வே வரைபடத்தோடு ஒட்டிப் பார்த்தால், இன்று இல்லாத தெருவின் இன்று இல்லாத முனையில் எந்தக் கட்டடம் என்று விரல் வைத்துச் சொல்லலாம். நான் விரல் வைத்தபோது மாப்பிள்ளை என்னை "அப்பா" என்று கூப்பிட்டார். அதுவரை என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒப்பேற்றிக்கொண்டிருந்தவர்.

இடம் கிடைத்தபின் மக்கள்தொகைக் கணக்கைப் பிரித்தோம். 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை, கணக்கெடுத்த இரவில் அந்தக் கூரையின் கீழே தூங்கிய அத்தனை பேரையும் எழுதியிருக்கிறார்கள். 1851-லிருந்து உறவுமுறை, வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாம் உண்டு. 1861-ல் மாப்பிள்ளையின் முன்னோர் பப்பில் இல்லை; பக்கத்து பிளாக்வாலில் கப்பல் கட்டும் தச்சர். 1871-ல் அதே ஆள் பப் நடத்துபவர். நடுவில் என்ன நடந்தது என்பதைக் குடும்பக் காகிதம் சொல்லாது, ஊர்ச் சரித்திரம் சொல்லும். 1866 மே மாதம் ஓவரெண்ட் கர்னி என்ற பெரிய நிதி நிறுவனம் திவாலானது. அந்தப் பணத்தை நம்பியிருந்த தேம்ஸ் கரைக் கப்பல் பட்டறைகள் வரிசையாக மூடின. அந்தக் குளிர்காலத்தில் பாப்லரில் ஆயிரக்கணக்கான தச்சர்களும் கொல்லர்களும் தர்ம ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தவன் கடை எடுத்திருக்கிறான். இதை விளக்கியதும் என் மனைவி, "பாவம், வேற வழியில்லாமதான் வெச்சிருக்காங்க" என்று சம்பந்தி வீட்டை மன்னித்துவிட்டாள்.

எனக்கு அந்த 1871 பக்கத்தை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை. கணவன், மனைவி, ஐந்து பிள்ளைகள், மது ஊற்றிக் கொடுக்கும் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, குவளைகளைப் பொறுக்கிக் கழுவும் பையன் ஒருவன், மாடியில் வாடகைக்கு ஒரு மாலுமி. பிள்ளைகள் பிறந்த ஊரை மேலிருந்து கீழே படித்தால் பிளாக்வால், பிளாக்வால், லைம்ஹவுஸ், லைம்ஹவுஸ், பாப்லர். அதாவது இந்தப் பப்புக்கு முன்னால் லைம்ஹவுஸில் ஒரு கடையில் இருந்திருக்கிறார்கள். இந்தத் தொழிலில் இருந்தவர்கள் நாலைந்து வருஷத்துக்கு ஒரு கடை மாறுவது சாதாரணம். கட்டடம் பல நேரம் பீர் ஆலைக்குச் சொந்தமாக இருக்கும். லைம்ஹவுஸில் டெய்லர் வாக்கர், மைல் எண்டில் சாரிங்டன், பிரிக் லேனில் ட்ரூமன் என்று பெரிய ஆலைகள். அவர்கள் பீரைத்தான் விற்க வேண்டும், வாடகையும் அவர்களுக்கே.

அடுத்த கணக்கெடுப்பில் தச்சர் இல்லை. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவர் மனைவி. பக்கத்தில் 'விதவை', அதற்குப் பக்கத்தில் தொழில், 'உரிமம் பெற்ற மது விற்பனையாளர்'. விக்டோரியா காலத்து மக்கள்தொகைக் கணக்கில் கல்யாணமான பெண்ணின் தொழில் கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும், அவள் விடிய விடியத் தைத்திருந்தாலும் சரி. பப்பில் மட்டும் உரிமம் விதவையின் பெயருக்கு மாறுவது சகஜம். வாசலுக்கு மேலே உரிமதாரர் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே அந்த அம்மாளின் பெயர் தெருவில் எல்லோரும் பார்க்கும்படி பலகையில் ஏறியிருக்கிறது. அக்கம்பக்கத்தில் வேறு எந்தப் பெண்ணுக்கும் அது அவ்வளவு எளிதில் கிடைத்திருக்காது. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே தண்டனைக் கட்டம் வெறுமையாக இருந்தது. போதையில் இருப்பவனுக்கு ஊற்றினால் தண்டனை, பணியிலிருக்கும் போலீஸ்காரனை உட்காரவைத்துக் கொடுத்தால் தண்டனை என்றிருந்த காலத்தில், துறைமுகத்தோரத்தில் கடை நடத்தி அந்தக் கட்டத்தைக் காலியாக வைத்திருப்பது லேசான காரியம் இல்லை.

பப் என்பது குடிக்கிற இடம் மட்டும்தான் என்று நினைத்திருந்த எனக்கு இந்தக் காகிதங்கள் வேறொன்றைக் காட்டின. அகால மரணம் நேர்ந்தால் விசாரணை அதிகாரி ஜூரிகளைக் கூட்டுவது பப்பில்தான். பிணம் பின்கட்டில் கிடக்கும். வேறு இடம் இருக்கும்போது பப்பில் விசாரிக்கக் கூடாது என்று 1902-ல்தான் சட்டம் வந்தது. ஃபாரஸ்டர்ஸ், ஆட்ஃபெலோஸ் போன்ற பரஸ்பர உதவிச் சங்கங்கள் கூடியதும் பப் மாடியில். நோய்க்கும் சாவுக்கும் வாரம் தவறாமல் கட்டிய காசை மூன்று பூட்டுப் போட்ட பெட்டியில் வைப்பார்கள். மூன்று பேர் வந்தால்தான் திறக்கும்.

இருட்டும் உண்டு. கப்பலிலிருந்து நிலக்கரி இறக்குபவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுத்ததே பப்காரர்கள்தாம். அதிகம் குடிப்பவனுக்கு முதல் வேலை. கூலியும் அங்கேயே, பாதிக்கு மேல் கடன் கழித்து. இந்தக் கொடுமையை நிறுத்த 1843-ல் நிலக்கரிக் கூலிகளுக்காகத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. பொதுவாகப் பப்பில் கூலி கொடுப்பதை 1883 வரை யாரும் தடுக்கவில்லை. "எங்கள் தாத்தாவும் அப்படிச் செய்திருப்பாரா?" என்று மாப்பிள்ளை கேட்டார். செய்யாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம் என்றேன். மகள் என்னை முறைத்தாள். பூர்வீகம் விசாரிக்கிறவர்கள் நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு வருவதில் எனக்குச் சம்மதமில்லை.

குடும்பம் அங்கிருந்து போனபின்னும் கட்டடம் இருந்தது. அதை இரண்டு வரைபடங்களில் பார்த்தேன். சார்லஸ் பூத் என்பவர் 1889-ல் வெளியிட்ட லண்டன் வறுமை வரைபடத்தில் அந்தத் தெருவுக்கு ஊதா நிறம். சிலர் வசதி, சிலர் ஏழை, கலந்து வாழ்கிறார்கள் என்று பொருள். லண்டன் கவுண்டி கவுன்சில் தயாரித்த குண்டுச் சேத வரைபடத்தில் நம் பப்புக்கு மறுபடியும் ஊதா. அங்கே அதற்குப் பொருள், பழுதுபார்க்க முடியாத அளவு சேதம்.

குடும்ப மரம் வரைந்துகொண்டிருந்த பேத்தி, அப்பா பக்கம் இவ்வளவு நிறைந்துவிட்டதே என்று, "தாத்தா, இப்போ உங்க பக்கம்" என்று பென்சிலை நீட்டினாள். எழுதினேன். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. அதற்குமேல் இல்லை. திதி கொடுக்கும்போது சொல்லும் மூன்று தலைமுறையோடு சரி. என் தாத்தா குத்தகைதாரர். அவர் உழுத வயலின் பட்டாவில் மிராசுதாரர் பெயர். குத்தகைதாரர் பெயரையும் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1969-ல். தாத்தா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கப் பத்திரங்களுக்கு நகல் எடுத்த நான், என் தாத்தா பெயர் வரும் ஒரு பத்திரத்தைக்கூடப் பார்த்ததில்லை. அரசாங்கம் யாரிடம் வரி கறக்க முடியுமோ, யாரைச் சந்தேகப்பட்டதோ, அவர்களைத்தான் எழுதி வைத்திருக்கிறது. எங்கள் ஆட்கள் மதுவும் விற்கவில்லை, நிலமும் வாங்கவில்லை. ஆகையால் ஏட்டில் ஏறவில்லை. பாட்டிகளின் பெயரைக் கேட்கவே வேண்டாம், கொள்ளுப்பாட்டி பெயர் எனக்கே தெரியாது. அந்த விதவை அம்மாள் பெயர் மட்டும் இன்று எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் பேத்தியின் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களில் சம்பந்தம் இப்படி அமைந்தவர்கள் இப்போது பலர். பழைய வீடோ, கடையோ, பப்போ ஒன்றின் பெயர் காதில் விழுந்தால் விடாதீர்கள். ஆளைத் தேடாமல் கட்டடத்தைத் தேடுங்கள். 1931-ஆம் ஆண்டுக் கணக்கு தீயில் எரிந்துபோனது, 1941-ல் எடுக்கவே இல்லை. ஆகவே 1921-க்குப் பிறகு, 1939 செப்டம்பரில் போருக்காக எடுத்த பதிவேடு ஒன்றுதான் துணை. லண்டன் பப்களின் உரிமப் பதிவேடுகளுக்குக் கிளர்க்கன்வெல்லில் உள்ள லண்டன் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். கட்டணம் கிடையாது. பேனாவை உள்ளே விடமாட்டார்கள், பென்சில் எடுத்துப் போங்கள்.