முகம்மதன் கழகமும் எங்கள் ஊர்ப் பதினொருவரும்

கல்கத்தா உதைபந்தாட்ட லீக் 1898 இல் ஆரம்பமானது. அதன்பின் முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாக அந்தக் கிண்ணம் ஆங்கிலேயரின் கையை விட்டுப் போகவில்லை. ஒன்றில் இராணுவ அணி வெல்லும். இல்லையேல் வெள்ளையரின் கழகம் ஒன்று வெல்லும். 1911 இல் மோகன் பகான் வெறுங்காலோடு ஆடி ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது பெரிய காரியம்தான். ஆனால் கேடயம் சில ஆட்டங்களில் முடிந்துவிடும். லீக் அப்படியல்ல, பருவம் முழுவதும் தாக்குப்பிடிக்க வேண்டும். அதை வென்ற முதல் இந்திய அணி முகம்மதன் ஸ்போர்ட்டிங். வருடம் 1934. முதற்பிரிவுக்கு ஏறி வந்த முதல் வருடமே வென்றது.

1891 இல் உருவான கழகம் அது. நாற்பது வருடங்களுக்கு மேல் பெரிதாக யாரும் கணக்கெடுக்கவில்லை. அது எழுந்த விதத்தை நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. அன்றைய இந்திய வீரர் வெறுங்காலால் ஆடுபவர். லீக் நடப்பதோ மழைக்காலத்தில். சேற்றில் வெறுங்கால் வழுக்கும். சப்பாத்துப் போட்ட சிப்பாய் ஊன்றி நின்று உதைப்பான். ஈரத் தரையில் தன் வீரர்களும் சப்பாத்து அணிய வேண்டுமென்று கழகம் முடிவு செய்தது. பெங்களூர் தொடக்கம் வடமேற்கு வரை ஆள் தேடியது. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத பதினொருவர் ஒரே அணியாக ஆடினார்கள். 1934 முதல் 1938 வரை ஐந்து வருடங்கள் தொடர்ந்து லீக் அவர்களுடையதானது. 1940 இல் டெல்லியில் றோயல் வாரிக்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று டியூரண்ட் கிண்ணத்தையும் எடுத்தார்கள். அந்த அணியில் ஆடிய முகம்மது சலீம் 1936 இல் ஸ்கொட்லாந்து சென்று, காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு செல்டிக் கழகத்துக்காக ஆடினார்.

அதே 1934 இல் ஜேர்மனியிலும் ஒரு கழகம் முதன்முறையாகத் தேசிய சம்பியனானது. கெல்சன்கிர்சென் நகரின் ஷால்க்க 04. நிலக்கரிச் சுரங்கப் பகுதிப் பையன்கள் 1904 இல் தொடங்கிய கழகம். கிழக்கிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அதில் ஆடினார்கள். குசோறா, ஸேப்பான் என்ற அவர்களது பெயர்களைக் கேட்டு, “போலந்துக்காரர் கழகம்” என்று இளக்காரமாகப் பேசியோர் இருந்தனர். வென்ற பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. வீரர்களின் தாய் தந்தையர் பிறந்த ஊர்களைக் காட்டி, “இவர்கள் ஜேர்மனியர்தான்” என்று கழகம் பத்திரிகைக்கு எழுத வேண்டி வந்தது. நாஸிகளின் ஆட்சி அது. கிண்ணத்தை வென்றவன் தன் பிறப்புக்கும் அத்தாட்சி காட்ட வேண்டியிருந்த காலம்.

ஜேர்மனியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 இல் மூடப்பட்டுவிட்டது. ஷால்க்க 1958 க்குப் பிறகு சம்பியனாகவில்லை. இரண்டாம் பிரிவுக்கும் இறங்கியது. ஆனாலும் கழகம் இருக்கிறது. அதன் வீரர்கள் மைதானத்துக்கு வரும் வழியைச் சுரங்கப் பாதை போலவே அமைத்திருக்கிறார்கள்.

முகம்மதனுக்கு அடி விழுந்தது 1947 இல். பிரிவினையோடு ஆதரவாளர்களில் பலர் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனார்கள். போன இடத்தில், டாக்காவில், 1936 முதல் அதே பெயரில் இன்னொரு கழகம் இருந்தது. கல்கத்தாக் கழகம் இடையிடையே வென்றது. ஆனால் 1981 க்குப் பிறகு லீக்கை மீண்டும் எடுக்க 2021 வரை நாற்பது வருடங்கள் பிடித்தன. 2024 இல் ஐ-லீக் சம்பியனாகி நாட்டின் உயர்ந்த பிரிவுக்கு ஏறியது. அந்த அணியின் பயிற்சியாளர் ரஷ்யர். மிசோரம் இளைஞர், ஆர்ஜென்டீனர், ஹொண்டூராஸ்காரர் எல்லோரும் அதில் ஆடினார்கள். ஏறிய முதற் பருவத்தில் கடைசி இடம். பெயர் மட்டும் 1891 இல் வைத்ததுதான்.

இதையெல்லாம் நான் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. முல்லைத்தீவு மாவட்டத்தின் முஸ்லிம் கிராமம் ஒன்று எங்களுடையது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. உடுத்த உடுப்போடு புத்தளம் போனோம். ஊர் விளையாட்டுக் கழகத்தின் பதிவுப் புத்தகமும் கிண்ணங்களும் அங்கேயே போயின. யுத்தம் முடிந்து, மீள்குடியேற்றத்தில் சிலர் திரும்பினோம். பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். கழகத்தைப் பழைய பெயரிலேயே மீண்டும் பதிந்தோம். ஆனால் பதினொரு பேர் சேருவதே பெரும்பாடு. அடுத்த கிராமத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் கழகமோ 2009 இல் எல்லாவற்றோடும் அழிந்தது. அவர்களிடம் ஏழெட்டு நல்ல ஆட்டக்காரர் இருக்கிறார்கள், அணி இல்லை. “சேர், உங்கட கழகத்தில நாங்களும் ஆடலாமா?” என்று என் வகுப்புப் பிள்ளையே கேட்டான்.

கழகக் கூட்டத்தில் அதை எடுத்தேன். ஒரு பெரியவர் சொன்னார்: “தம்பி, எங்களிட்ட மிஞ்சினது இந்தப் பேர் ஒண்டுதான். அதையும் குடுக்கச் சொல்றியா?”

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாம் போன பிறகு ஒருவர் பெயரைப் பிடித்துக்கொள்வது பிடிவாதமல்ல. கல்கத்தாவின் ஏழை முஸ்லிமுக்கும் கெல்சன்கிர்சென் சுரங்கத் தொழிலாளிக்கும் கழகத்தின் பெயர் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பெயர்களைக் காப்பாற்றியது எது? எத்தனையோ பெயர்கள் பலகையோடு இற்றுப்போயின. இவை இன்னும் நிற்பது, ஒவ்வொரு பருவமும் பதினொரு பேர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்ததால்தான். வந்தவர் யாருடைய பிள்ளை என்று கேட்டுக்கொண்டேயிருந்தால், ஒருநாள் வருவதற்கு ஆள் இருக்காது.

அடுத்த கூட்டத்தில் என் பிரேரணை இதுதான்: கழகத்தின் பெயர் அப்படியே இருக்கட்டும், ஓர் எழுத்தும் மாற வேண்டாம். அங்கத்துவ விதியில் “எமது கிராமத்தைச் சேர்ந்தவர்” என்றிருப்பதை “எமது மைதானத்தில் ஆடுபவர்” என்று மாற்றுவோம். அந்தப் பெரியவருக்குப் பக்கத்தில் இருந்துதான் இதைச் சொல்லப் போகிறேன்.