நாற்பதும் நாற்பத்திரண்டாம் நாளும்

எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு, தொற்று உண்டா என்று அறியும் பரிசோதனை ஆறாவது வாரத்தில், அதாவது 42ஆம் நாளையொட்டிச் செய்யப்படுகிறது. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவள் வாசல் தாண்டாதிருக்கும் நாள்களோ 40. அது கழிந்ததும் குழந்தையை முதலில் யார் வீட்டுக்குத் தூக்கிச் செல்வது என்பதை உம்மாவும் மாமியும் முன்னரே பேசி வைத்திருப்பார்கள். அந்தப் பேச்சில் மருத்துவமனை இடம்பெறுவதில்லை.

நிஃபாஸின் உச்ச வரம்பு ஹனஃபி மத்ஹபில் 40 நாள்கள். ஷாஃபிஈ மத்ஹபில் 60. அது தொழுகை, நோன்பு போன்ற வணக்கங்கள் தொடர்பான சட்டம். தாய் வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்பது அதில் இல்லை. அவளது ஓய்வுக்காக வந்த வழக்கம் அது, நல்ல வழக்கமும்கூட. ஆயினும் "மூன்று மாதம் போகட்டும்" என்று தள்ளிப்போட அதைக் காரணமாக்குவதை நம்மால் ஏற்க இயலாது. தொற்றிய குழந்தைகளுக்குச் சிகிச்சை கிட்டாவிடில், ஏறத்தாழப் பாதிப்பேர் 2 வயதைக் காண்பதில்லை.

பெரியவர்களுக்குச் செய்யும் வழக்கமான பரிசோதனை இங்கே பயன்படாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் 18 மாதம் வரைகூடக் குழந்தையின் இரத்தத்தில் தங்கியிருக்கலாம். ஆகவே வைரஸின் மரபணுவையே தேடுகிறார்கள்.

"பச்சப்புள்ள கால்லயா குத்துவாங்க, ஹஜ்ரத்?" என்று ஒரு பெத்தும்மா நம்மிடம் தொலைபேசியில் கேட்டார். ஆம், குதிகாலின் பக்கவாட்டில்தான். முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்து வரும் துளிகளைத் தடித்த வடிதாள் அட்டையிலுள்ள வட்டங்களில் விடுகிறார்கள். எடுப்பது சில துளிகளே. அட்டையை வெயில் படாமல், கிடைமட்டமாகக் குறைந்தது 4 மணி நேரம் உலர்த்த வேண்டும். பின்னர் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களுடன் காற்றுப் புகாத பையிலிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். பனிக்கட்டியும் வேண்டாம், கண்ணாடிக் குழாயும் வேண்டாம், தபாலிலேயே செல்லக்கூடியது. ஆனால் ஈரம் தங்கினால் அட்டை பயனற்றுப் போகும், பிள்ளைக்கு மறுபடியும் குத்த வேண்டிவரும். கேட்ட பெத்தும்மாவுக்கு இவ்வளவும் சொன்னோம். "அவ்வளவுதானா?" என்றார்.

அவ்வளவுதான் இல்லை. அட்டை ஊர்விட்டு ஊர் பத்திரமாகப் போய்விடுகிறது. தாய் நம்பிக்கை மையத்தின் வாசலை மிதிப்பதுதான் கடினம். தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிட்டால் மாலைக்குள் மஹல்லா முழுதும் பேச்சாகும். ஒருவரின் தொற்று நிலையை அவரது சம்மதமின்றி வெளிப்படுத்துவதை 2017ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. பிறர் குறையை மறைப்பது பற்றிய நபிமொழியை நாம் ஆண்டுதோறும் மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கிறோம். ஓதியவர்களே வாசலில் நின்று "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டால் அவள் மறுமுறை எப்படி வருவாள்?

மறுமுறையும் வந்தே ஆக வேண்டும். முடிவைப் பெற்றுக்கொள்ள ஒருமுறை. தொற்று இல்லையென்று வந்தாலும் தாய்ப்பால் தொடரும் குழந்தைக்கு மேலும் பரிசோதனைகள் உண்டு. 18ஆம் மாதத்தில்தான் உறுதியான சொல் கிடைக்கும். அதுவரை ஒவ்வொரு முறையும் கூடச் செல்ல ஒரு சகோதரியோ நாத்தனாரோ வேண்டும், இன்ஷா அல்லாஹ், ஒன்றும் கேட்காமல்.